இரண்டடி உயரமுள்ள சாமி சிலை ஒன்று

நான் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொல்தா குடும்பங்களின் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் வழிவந்தவர்கள்) பிறப்புச் சான்றிதழ்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள், திருமணப் பதிவுகள் ஆகியவையே என் அன்றாட வருமானம். எப்போதாவது ஒருமுறை குற்ற வழக்கின் காகிதங்களும் வரும். வெளிநாட்டு அதிகாரிகளிடம் உதவி கேட்டு அனுப்பும் கோரிக்கையோடு இணைப்பதற்காக முதல் தகவல் அறிக்கை, மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் போலீசார் எழுதும் பதிவு), சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தர வேண்டியிருக்கும். அப்படி வந்த ஒரு கோப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வழக்கின் இரகசியம் கருதி ஊரின் பெயரை எழுதவில்லை.

கடலூர் மாவட்டத்துக் கிராமக் கோயில் ஒன்றில் நடந்த திருட்டு அது. திருடுபோன பொருளைப் பற்றி முதல் தகவல் அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: ‘மேற்படி கோயிலில் இருந்த சுமார் இரண்டடி உயரமுள்ள சாமி சிலை ஒன்று காணாமல் போய்விட்டது.’ மதிப்பு என்ற இடத்தில் ரூ.5,000 என்று எழுதியிருந்தார்கள். எந்தச் சாமி, ஆணா பெண்ணா, கல்லா செம்பா, நின்ற கோலமா அமர்ந்த கோலமா என்பதற்கெல்லாம் அதில் விடை இல்லை. காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அதை எழுதிய ரைட்டர் மாறுதலாகிப் போய் ஆண்டுக்கணக்காகிறது என்றார்கள். கடைசியில் கோயில் குருக்களையே பிடித்தேன். “அம்பாள் சார், உற்சவ அம்பாள். நின்ன திருக்கோலம். வலது கையில் பூப் பிடிக்கிற மாதிரி இருக்கும், இடது கை தொங்கும். ஆனால் சாத்துப்படி பண்ணிட்டால் முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது சார்” என்றார். அவர் சொன்ன அந்த நான்கு வரிகளில் இருந்த செய்தி அரசாங்கக் காகிதம் எதிலும் இல்லை. மொழிபெயர்ப்பாளன் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்பதால், என்னாலும் அதைச் சேர்க்க முடியவில்லை. ‘சாமி சிலை ஒன்று’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாடு கடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிராக உலக நாடுகள் ஒன்றுக்கொன்று எப்படி உதவுகின்றன, வளரும் நாடுகளுக்கு என்ன ஆதரவு கிடைக்கிறது என்பதைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தக் கோப்பை முடித்த பிறகுதான்.

இந்தத் துறையின் அடிப்படை ஆவணம் 2000ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். அதே ஆண்டு டிசம்பரில் இத்தாலியின் பலெர்மோ நகரில் அது கையொப்பத்துக்கு வைக்கப்பட்டதால் பலெர்மோ ஒப்பந்தம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பலெர்மோவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருள் உண்டு. மாஃபியாவின் பணம் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே போன நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே 1992 மே மாதத்திலும், அவருடைய தோழர் பாவ்லோ போர்செல்லினோ அதே ஆண்டு ஜூலையிலும் குண்டு வைத்துக் கொல்லப்பட்டது அந்த நகரத்திலும் அதை ஒட்டிய நெடுஞ்சாலையிலும்தான். ஒப்பந்தம் 2003 செப்டம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2002 டிசம்பரில் கையொப்பமிட்டு, 2011 மே மாதத்தில் ஏற்புறுதி செய்தது, அதாவது தன்னைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக முறைப்படி ஏற்றது. இன்று 190க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன.

ஒப்பந்தத்தை முழுவதும் படித்துப் பார்த்தேன். என் தொழிலுக்கு நெருக்கமானது 18ஆம் பிரிவு. பரஸ்பர சட்ட உதவியைப் பற்றிய அந்தப் பிரிவு இரண்டு நாடுகளுக்கிடையே தனி உடன்படிக்கை இல்லாவிட்டாலும் இந்த ஒப்பந்தத்தையே அடிப்படையாக வைத்து உதவி கேட்கலாம் என்கிறது. வங்கி இரகசியத்தைக் காட்டி உதவியை மறுக்கக்கூடாது என்கிறது. கோரிக்கையை நிறைவேற்றும் வழக்கமான செலவை, கேட்ட நாடு அல்ல, கேட்கப்பட்ட நாடே ஏற்க வேண்டும் என்கிறது. ஏழை நாடுகளுக்கு இந்தக் கடைசி விதி பெரிய ஆறுதல். ஆனால் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், கேட்கப்படும் நாட்டுக்கு ஏற்புடைய மொழியில் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பின் பாரம் கேட்கும் நாட்டின் தலையில் விழுகிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு கிடைப்பதும் அதனால்தான் என்பதை மறைப்பானேன்.

கோரிக்கை போகும் வழியையும் சொல்ல வேண்டும். புலனாய்வு அதிகாரி எழுதுவது நீதிமன்றத்துக்குப் போய், ‘லெட்டர் ரொகேட்டரி’ என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லும் வேண்டுகோள் கடிதமாகி, டில்லியில் உள்துறை அமைச்சகத்தின் வழியாக வெளிநாட்டு அதிகாரியின் மேசையை அடைகிறது. அந்த அதிகாரி முதலில் பார்ப்பது இரண்டைத்தான். எந்தப் பொருள் அல்லது எந்த ஆளைப் பற்றிக் கேட்கிறார்கள், குற்றம் எவ்வளவு பெரியது. சிறு மதிப்புள்ள வழக்குகளுக்கு உதவுவதில்லை என்று கொள்கை வைத்திருக்கும் நாடுகள் உண்டு. ‘ரூ.5,000 மதிப்புள்ள, இரண்டடி உயர சிலை’ என்பதைப் படித்த அந்த அதிகாரி தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கோப்பை ஓரமாக வைத்துவிட்டால் அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பெயர்கள் படுத்தும் பாடு தனிக் கதை. விருத்தாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறநிலையத் துறைப் பதிவேட்டில் விருத்தகிரீஸ்வரர் கோயில், ஊரார் பேச்சில் பழமலைநாதர் கோயில், தேவாரத்தில் திருமுதுகுன்றம். மூன்றும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஊரின் பெயரையே நான்கைந்து எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு படிப்பவருக்கு ஏழெட்டு ஊர்களில் ஏழெட்டுக் கோயில்கள் என்றுதான் தோன்றும். இப்படிப்பட்ட இடங்களில் அடிக்குறிப்பு சேர்க்க எனக்கு அனுமதி உண்டு. அதை ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

விருத்தாசலத்தைச் சும்மா எடுத்துக்காட்டாகச் சொல்லவில்லை. அந்தக் கோயிலின் சுவர் மாடத்தில் நின்ற அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையை, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து வாங்கியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசரை, கான்பராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் 2008இல் அதே வணிகரிடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அந்த நடராசரோடு சேர்ந்து ஸ்ரீபுரந்தானில் எட்டுத் திருமேனிகள் போயிருந்தன. பூசையின்றிப் பூட்டிக் கிடந்த கோயில் அது. சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றலாம் என்று 2008இல் அதிகாரிகள் போய்த் திறந்தபோதுதான் உள்ளே சிலைகள் இல்லை என்பதே தெரிந்தது. கைவினைப் பொருள்கள் என்று எழுதி, புதிய சிலைகளோடு கலந்து, சென்னைத் துறைமுகம் வழியாகப் பழைய திருமேனிகளை அனுப்பியிருக்கிறார்கள். வாங்குபவரிடம் காட்டுவதற்கு 1970ஐ ஒட்டிய தேதியில் ஒரு போலி உரிமைச் சான்று. அந்தத் தேதி தற்செயலானது அல்ல. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்துக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970 நவம்பரில் வந்தது. நம் தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போன பொருள் என்று காட்டிவிட்டால் பாதிக் கேள்விகள் எழாது.

கபூர் 2011 அக்டோபர் 30 அன்று ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2001இல் கையெழுத்தான, தேடப்படுபவர்களை ஒப்படைக்கும் உடன்படிக்கை இருந்ததால் 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். நடராசரையும் அர்த்தநாரீஸ்வரரையும் 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லியில் நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவருடைய கும்பலோடு தொடர்புடைய 2,500க்கும் மேற்பட்ட பொருள்களை நியூயார்க் அதிகாரிகள் கைப்பற்றினார்கள். மொத்த மதிப்பு 14 கோடி டாலருக்கு மேல். ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா என நான்கு நாடுகளின் கைகள் சேர்ந்து நடந்த வேலை இது. சர்வதேச ஒத்துழைப்புக்கு இதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் கிடைக்காது.

ஆனால் இந்த வெற்றியைத் தாங்கி நின்ற சான்று எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது காவல் நிலையத்திலிருந்து வந்ததல்ல. புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில், கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்திலிருந்து வந்தது. 1955இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, இடமும் தேதியும் எழுதி அடுக்கி வைத்தது. சைவ ஆகமங்களையும் சிற்பக் கலையையும் ஆராய வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். திருடனைப் பிடிக்கும் எண்ணம் அவர்களுக்குக் கனவிலும் இருந்திருக்காது. ஸ்ரீபுரந்தான் நடராசரை 1994இல் அவர்கள் எடுத்த படம் இருந்தது. அதையும் கலைக்கூடத்தின் விளம்பரப் படத்தையும் பக்கத்தில் வைத்த பிறகு, 1970லேயே இந்தியாவைவிட்டுப் போன சிலை என்ற கதை செத்தது. அந்தத் தெரு வழியாக நடக்கும்போதெல்லாம், வளரும் நாட்டுக்கு ஒரு வளர்ந்த நாடு செய்த மிகப் பயனுள்ள உதவி எது என்று என்னைக் கேட்டால் இந்தக் கட்டடத்தைக் கைகாட்டுவேன் என்று நினைத்துக்கொள்வேன். ஐம்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே வேலையைச் சலிக்காமல் செய்து, அதை மற்றவர் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

பலெர்மோ ஒப்பந்தத்தின் 29, 30ஆம் பிரிவுகள் பயிற்சியையும் தொழில்நுட்ப உதவியையும் பற்றியவை. வளரும் நாடுகளுக்குப் பணமாகவும் பொருளாகவும் உதவ இயன்றவரை முயல வேண்டும், ஐ.நா.வில் இதற்கென்று வைத்த கணக்கில் தாமாக முன்வந்து போதுமான அளவு, தொடர்ந்து நிதி செலுத்த வேண்டும், குற்றவாளிகளிடம் பறிமுதல் செய்த பணத்தில் ஒரு பங்கையும் அதில் சேர்க்கலாம் என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல யோசனை, ஆனால் எங்கும் ‘முயல வேண்டும்’, ‘சேர்க்கலாம்’ என்றுதான் இருக்கிறதே தவிர, கட்டாயம் இல்லை. சட்டவாசகங்களோடு காலம் கழிப்பவனுக்கு அந்த வினைமுற்றுகளின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பறிமுதல் பெரும்பாலும் வாங்குபவர் நாட்டில் நடக்கிறது. இழப்பு பொருள் திருடுபோன ஊரில் நிற்கிறது. அந்தப் பங்கைக் கொடுப்பதைத் தருமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த உதவி பெரும்பாலும் எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதை ஒருமுறை நேரில் பார்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி, மூன்று நாள் பயிலரங்கு, நான் உரைபெயர்ப்பாளன். வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் உண்மையிலேயே விவரம் தெரிந்தவர். திருடுபோன கலைப்பொருள்களுக்கான இன்டர்போல் தரவுத்தளத்தைத் திரையில் காட்டினார். உதவிக் கோரிக்கையைப் படிப்படியாக எழுதித்தர ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் உருவாக்கியிருக்கும் மென்பொருளையும் விளக்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் எழுந்தார். “ஐயா, கோயில் சிலைகளை என் சொந்தப் போனில்தான் படம் எடுக்கிறேன். நான் மாறுதலாகிப் போகும்போது அந்தப் படங்களை யாரிடம் கொடுப்பது?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். நிபுணர் நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் ஒரு துணிப்பையும் பென் டிரைவும் கொடுத்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை அந்தப் பென் டிரைவிலும் இல்லை. என் பிரதியை முழுவதும் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விடமுடியாது. பலெர்மோ ஒப்பந்தத்தின்படி ‘கடுங்குற்றம்’ என்பது குறைந்தது நான்கு ஆண்டுகளை உச்சத் தண்டனையாகக் கொண்டது. நம்முடைய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருளைக் கள்ளத்தனமாக ஏற்றுமதி செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரைதான் சிறை. அதாவது, அந்தச் சட்டத்தின் பிரிவை மட்டும் நம்பிக் கோரிக்கை எழுதினால் ஒப்பந்தத்தின் வாசலுக்கே நாம் போய்ச் சேரமாட்டோம். பூட்டை உடைத்து நுழைந்தது, கூட்டுச் சதி என்று மற்றப் பிரிவுகளை அறிக்கையிலேயே சேர்த்திருந்தால்தான் கதவு திறக்கும். பண்பாட்டுச் சொத்துக் கடத்தலைக் கடுங்குற்றமாக்கும்படி 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் நாடுகளைக் கேட்டுக்கொண்டன. சட்டத்தைத் திருத்துவதற்கு எந்த நாட்டின் உதவியும் நமக்குத் தேவையில்லை.

கடந்த சில ஆண்டுகளாக என் மேசைக்கு வேறு வகைக் காகிதங்களும் வருகின்றன. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்த கதைகள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டு இளைஞர்கள் பதின்மூன்று பேர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது பலருக்கு நினைவிருக்கும். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள். கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஓர் அம்மா தன் மகனின் வாட்ஸ்அப் உரையாடல்களை அச்சடித்துக்கொண்டு வந்தார். புகாரில், ‘ஏஜென்ட் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்’ என்று மட்டும் இருந்தது. அவர் நீட்டிய தாள்களிலோ பாஸ்போர்ட்டைப் பிடுங்கியது, இலக்கை முடிக்காவிட்டால் சோறு இல்லை என்றது எல்லாம் இருந்தன. பலெர்மோ ஒப்பந்தத்தோடு சேர்ந்த ஆள்கடத்தல் நெறிமுறையின்படி, ஏமாற்றிச் சேர்த்துச் சுரண்டினால் அவன் சம்மதித்துத்தான் போனான் என்ற வாதம் எடுபடாது. ஆனால் காகிதத்தில் வெறும் பணமோசடி என்று எழுதிவிட்டால், அங்கே இருக்கும் அதிகாரிக்கு அந்தப் பையன் ஆள்கடத்தலில் சிக்கியவனாகத் தெரியமாட்டான். மோசடிக் கும்பலில் ஒருவனாகத்தான் தெரிவான். “தம்பி, இதையெல்லாம் எழுதலாமா? எழுதினால் என் பிள்ளையைத்தானே பிடிப்பார்கள்?” என்று அந்த அம்மா கேட்டார். எழுதினால்தான் அம்மா அவனுக்கு நல்லது என்று சொல்லி, ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பிவைத்தேன்.

2024 டிசம்பர் 24 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட இணையக் குற்றத் தடுப்பு ஒப்பந்தம் 2025 அக்டோபரில் ஹனோயில் கையொப்பத்துக்கு வந்திருக்கிறது. நாற்பது நாடுகள் ஏற்புறுதி செய்தபின் நடைமுறைக்கு வரும். இருபத்துநான்கு மணி நேரமும் தொடர்புகொள்ளத்தக்க அலுவலகம் ஒன்றை ஒவ்வொரு நாடும் வைக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. வளரும் நாடுகளுக்கான தொழில்நுட்ப உதவிக்கு அதிலும் ஓர் இயல் உண்டு. அந்த உதவி முதுநகர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதுபவரின் மேசை வரை வருமா என்பதுதான் என் கேள்வி.

சிலைக் கோப்புக்குத் திரும்புகிறேன். கலைப்பொருளை விவரிக்க ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்று உலகமெங்கும் பயன்படும் ஒரு படிவம் உண்டு, 1997இல் வெளியானது. ஒளிப்படம், பொருளின் வகை, எதனால் செய்தது, அளவு, எழுத்துப் பொறிப்பு, அடையாளக் குறிகள் என்று கேட்டுக்கொண்டே போகும். யாரும் கேட்காமலேயே அதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தேன். செயல் அலுவலராக இருக்கும் பள்ளித் தோழன் ஒருவன், தன் பொறுப்பில் உள்ள சிறு கோயில்களில் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று அழைத்தான். பண்ருட்டிக்கு மேற்கே ஒரு கோயில். திருமஞ்சனம் முடிந்து அலங்காரம் தொடங்குவதற்கு இடையில் உள்ள சில நிமிடங்கள்தான் உற்சவரை முழு உருவில் பார்க்கக் கிடைக்கும். படம் எடுக்கக் குருக்கள் முதலில் தயங்கினார். அம்பாளுக்குக் கற்பூரம் காட்டி உத்தரவு கேட்டுவிட்டுச் சம்மதித்தார். அளவு காட்டுவதற்கு எதிர்ப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குப் பள்ளிக்கூட அளவுகோல் ஒன்று வாங்கி, பீடத்தின் பக்கத்தில் நிறுத்தினோம். உயரம் 51 சென்டிமீட்டர். கோயில் பதிவேட்டில் ‘இரண்டடி’ என்று இருந்தது.

அடையாளக் குறிகள் என்ற கட்டத்துக்கு வந்தபோது எங்கள் இருவர் கண்ணுக்கும் எதுவும் படவில்லை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சிலை வழவழவென்று இருந்தது. குருக்கள் என் கையைப் பிடித்து, இடது முழங்கைக்குப் பின்னால் ஓரிடத்தில் விரலை வைக்கச் சொன்னார். மிளகு அளவில் ஒரு வார்ப்புக் குழி. நாற்பது வருடமாகத் தேய்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இவள்தான் என்று சொல்லிவிடுவேன் என்றார். ‘இடது முழங்கையின் பின்புறம், மிளகளவு வார்ப்புக் குழி ஒன்று’ என்று எழுதி, மூன்று பிரதிகளிலும் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். ஒரு பிரதி கோயிலுக்கு, ஒன்று அறநிலையத் துறை அலுவலகத்துக்கு, மற்றொன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்தபோது அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று ரைட்டர் கேட்டார்.